நூலக ஆய்வுக்கு முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கேள்வியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

நூலக, தகவல் அறிவியல் துறையில் ஆய்வேட்டின் தலைப்பைப் படித்தாலே உள்ளே என்ன முறை இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். "இன்ன மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடு: ஓர் ஆய்வு." உள்ளே ஒரு வினாநிரல் இருக்கும், ஐந்து புள்ளி அளவுகோல் இருக்கும், சதவீத அட்டவணைகள் பக்கம் பக்கமாக வரும், ஆண் பெண் வேறுபாட்டுக்கு ஒரு கை-வர்க்கச் சோதனை (chi-square என்ற புள்ளியியல் சோதனை) நடக்கும், கடைசியில் "மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்க வேண்டும்" என்ற பரிந்துரை வரும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவைத் திறந்து இத்துறையின் ஆய்வேடுகளை அரை மணி நேரம் புரட்டினால் இந்த அச்சு எவ்வளவு பழகிப்போனது என்று தெரியும். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம்.

வினாநிரல்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. அது முதலில் முடிவாகி, கேள்வி பிறகு தேடப்படுவதுதான் கோளாறு. முதுகலைத் திட்ட ஆய்வு செய்பவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள், தம் நூலகத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுத நினைக்கும் பணியிலுள்ள நூலகர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து, எந்த வரிசையில் யோசித்தால் முறை தானாகக் கைக்கு வரும் என்று இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக உடையுங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். கற்பனைக் கல்லூரிதான், 3,000 மாணவர்கள் படிக்கும் ஓர் அரசு கலைக் கல்லூரி. "மாணவர்கள் இப்போதெல்லாம் தமிழ்ப் புத்தகம் எடுப்பதே இல்லை" என்று நூலகர் அலுத்துக்கொள்கிறார். இதை ஆய்வு செய்ய வேண்டும்.

"தமிழ் நூல்களின் பயன்பாடு" என்பது தலைப்பு. அதற்கு முறை தேட முடியாது. அதை உடைத்தால்தான் கேள்விகள் வெளியே வருகின்றன. இரவல் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, எந்த ஆண்டிலிருந்து, எந்தப் பிரிவில்? நூலகத்துக்குள் வருகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? எடுக்காதவர்கள் ஏன் எடுக்கவில்லை? அந்தக் காரணங்களில் எது பெரும்பாலோருக்குப் பொருந்தும்? எதை மாற்றினால் இரவல் கூடும்?

ஐந்தும் ஒரே தலைப்புக்குள் இருக்கின்றன. ஆனால் ஐந்துக்கும் சான்று வேறு வேறு இடத்தில் கிடக்கிறது. முதலாவதுக்கு இரவல் பதிவுகள் போதும். ஒரு மாணவரிடம்கூடப் பேச வேண்டியதில்லை. இரண்டாவதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மூன்றாவதற்கு நேர்காணல், நான்காவதற்கு வினாநிரல், ஐந்தாவதற்கு ஒரு சோதனை. கேள்வியைச் சரியாகப் பிரித்தவருக்கு முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

கேள்வி நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. என்ன பதில் வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "2018-க்குப் பிறகு தமிழ்ப் புனைகதை நூல்களின் இரவல் குறையவில்லை என்று பதிவுகள் காட்டினால் நான் நினைத்தது தவறு." இப்படி எழுத முடிகிற கேள்வியை ஆய்வு செய்யலாம். எந்தப் பதில் வந்தாலும் "பயிற்சி அளிக்க வேண்டும்" என்றே முடியக்கூடிய கேள்விக்காக ஓராண்டைச் செலவிட வேண்டாம்.

இரண்டாம் படி: சான்று யாரிடம் இருக்கிறது?

நம் துறையில் சான்று மூன்று இடங்களில் இருக்கும். மனிதர்களின் மனத்தில், அவர்களின் நடத்தையில், அல்லது பதிவுகளிலும் ஆவணங்களிலும். மனத்தில் இருப்பதைக் கேட்டுத்தான் அறிய முடியும். நடத்தையைக் கேட்டால் தவறாகவே வரும். பார்த்து அறிய வேண்டும். பதிவில் இருப்பதைக் கேட்பதோ வீண்வேலை.

ஆனாலும் வினாநிரல்களில் முதல் பக்கத்திலேயே "மாதத்துக்கு எத்தனை முறை நூலகத்துக்கு வருகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறது. பல கல்லூரிகளில் அடையாள அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுகிறார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு, நூலகரின் கையாலேயே தாளைக் கொடுத்து மாணவரிடம் கேட்டால், "வாரத்துக்கு இரண்டு முறை" என்று எழுதாமல் என்ன எழுதுவார்? பிறரிடம் நல்ல பெயர் வாங்கும் விருப்பம் எல்லோருக்கும் உண்டு. தம் நடத்தையைப் பற்றி மனிதர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் நடத்தையைவிட அழகாகவே இருக்கும்.

எனவே என் முறைவரிசை இது. பதிவில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் பார்த்து அறிய முடியுமா என்று யோசியுங்கள். அந்த மனிதருக்கு மட்டுமே தெரிந்ததை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: பதிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கோஹா, இ-கிரந்தாலயா போன்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடும் நூலகம் எதுவும் தன் வாசகர்களைப் பற்றித் தினமும் தானாகவே எழுதிக்கொண்டிருக்கிறது. கோஹாவில் அறிக்கைப் பகுதிக்குப் போய் ஒரு சிறு வினவல் எழுதினால், எந்த வகுப்பெண்ணில் எத்தனை நூல்கள் எந்த மாதத்தில் வெளியே போயின என்று பல ஆண்டுக் கணக்கு சில நிமிடங்களில் வந்துவிடும். கணினி வராத ஊர்ப்புற நூலகத்தில் நூலின் பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டு இருக்கிறது. அடுக்கிலிருந்து குலுக்கல் முறையில் 300 நூல்களை எடுத்து அந்தச் சீட்டுகளைப் படித்தால் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அதுவே போதும்.

நம் எடுத்துக்காட்டுக் கல்லூரியில் தமிழ் இலக்கிய நூல்கள், பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி முறையில் 894.811 என்ற எண்ணின்கீழ் இருக்கும். அதற்குள் கவிதை 894.8111, புனைகதை 894.8113 என்று பிரியும். மொத்தமாக "தமிழ் இரவல் குறைந்தது" என்று வரும் கணக்கை இந்த அளவுக்குப் பிரித்துப் பாருங்கள். பாடத்திட்டம் மாறியதால் ஏதோ ஒரு பிரிவு மட்டும் சரிந்திருக்கலாம். மற்றவை அப்படியே இருக்கலாம். நூலகரின் அலுப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரம் அங்கே தெரியும்.

ஆனால் பதிவும் பொய் சொல்லும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1979-இல் வெளியான ஆய்வு இதற்குப் பேர்போன பாடம். 1969-இல் அங்கே வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு 1975 முடியும்வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று அது கண்டது. பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த விவாதத்தில் முக்கியமாக அடிபட்டது, நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படித்துவிட்டு மேசையில் வைத்துப்போன நூல்களுக்குப் போதிய கணக்கு இருந்ததா என்பது. இரவல் எண்ணிக்கையைப் "பயன்பாடு" என்று எழுதும்போதெல்லாம் இதே சிக்கல் உங்கள் பக்கமும் வரும். ஒரு மாதம் மேசையில் கிடக்கும் நூல்களை அடுக்குக்குத் திருப்பும் முன் எண்ணி எழுதச் சொல்லுங்கள், படம் மாறிவிடும்.

தமிழ்ப் பதிவுகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஒரே நூலகத்தில் சில பதிவுகள் ஒருங்குறியில் இருக்கும், பழையவை ஏதோ ஓர் எழுத்துருக் குறியேற்றத்தில் இருக்கும், இன்னும் சில ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சாகியிருக்கும். பகுப்பாய்வுக்கு முன் சுத்தம் செய்யவே ஒரு மாதம் ஒதுக்க வேண்டிவரும். அந்த வேலையை ஆய்வேட்டில் எழுதுங்கள். பிறகு வருகிறவருக்கு அது பயன்படும்.

இரவல் பதிவு என்பது ஒருவர் என்ன படித்தார் என்ற அந்தரங்கம் என்பதையும் மறக்க வேண்டாம். உறுப்பினர் எண்ணை நீக்கி, துறை, ஆண்டு போன்ற விவரங்களை மட்டும் வைத்துத் தரும்படி நூலகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: சும்மா உட்கார்ந்து பார்ப்பதும் ஆய்வுதான்

நம் ஊர் நூலகங்களில் கூர்நோக்கு முறையைப் போல வீணடிக்கப்படும் முறை வேறில்லை. செலவு கிடையாது, மென்பொருள் வேண்டாம். படிப்பறையின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை அறையைச் சுற்றிவந்து, ஒவ்வொரு இருக்கையிலும் ஆள் இருக்கிறாரா, முன்னால் இருப்பது நூலகத்தின் நூலா, சொந்தப் புத்தகமா, செய்தித்தாளா, கைப்பேசியா என்று குறியீட்டால் குறியுங்கள். வார நாள், விடுமுறை நாள், தேர்வுக்கு முந்தைய வாரம் என்று நாள்களைக் கலந்து தேர்ந்தெடுங்கள்.

தமிழ்நாட்டில் இப்படி உட்கார்ந்தவருக்கு முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும். பல நூலகங்களில் இருக்கை நிறைந்திருக்கும். இரவல் மேசை காற்று வாங்கும். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் தம் புத்தகங்களோடு காலையிலேயே வந்துவிடுகிறார்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். இரவல் கணக்கை மட்டும் பார்த்து "நூலகப் பயன்பாடு சரிவு" என்று எழுதுகிறவர் இந்தக் கூட்டத்தைக் காணாமலேயே ஆய்வை முடித்துவிடுவார்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக நூலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரை வேலைக்கு வைத்து, இளங்கலை மாணவர்கள் ஆய்வுக் கட்டுரையை உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தது. மாணவர் கையில் கேமரா கொடுத்துப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். ஒரு நாளில் எங்கெங்கே போனார்கள் என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். நூலகத்தை உங்கள் விருப்பப்படி வரைந்து காட்டுங்கள் என்றார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு பல நூலகங்கள், மனிதர்களை அவர்கள் இடத்திலேயே கவனித்து எழுதும் இனவரைவியலின் பக்கம் திரும்பின. நம் கல்லூரியில் கேமரா வாங்கித்தர வேண்டிய தேவைகூட இல்லை. மாணவர்களின் கைப்பேசி போதும்.

ஓர் எச்சரிக்கை. கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் குறிப்புகளைப் பழகுவதற்கு என்று ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு வருவதைத் தரவாக எடுத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: "ஏன்" என்பதற்கு நேர்காணல்

"நூலகத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்று வரும். அதோடு ஆய்வு முடிந்தது. அதற்குப் பதில், ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் 1954-இல் வகுத்துக் கொடுத்த முக்கிய நிகழ்வு முறையைக் கையாளுங்கள். கருத்தைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்பதுதான் அதன் சாரம். "கடைசியாக ஒரு புத்தகத்தைத் தேடிவந்து கிடைக்காமல் திரும்பியது எப்போது? அன்று என்ன நடந்தது? முதலில் எங்கே போனீர்கள்? யாரிடம் கேட்டீர்கள்? அவர் என்ன சொன்னார்?" இப்படிக் கேட்டால் மாணவர் கதை சொல்லத் தொடங்குவார். அலமாரி பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார், பட்டியலில் இருந்த நூல் அடுக்கில் இல்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. எந்த ஐந்து புள்ளி அளவுகோலும் அந்தக் கூச்சத்தைப் பிடித்துத் தராது.

கரோல் குல்தாவ் இதே கூச்சத்தையும் குழப்பத்தையும் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டவர். பள்ளி நூலகராக இருந்தவர். மாணவர்கள் தகவல் தேடும்போது அவர்களின் மனநிலை எப்படி மாறுகிறது என்று நாட்குறிப்புகள், நேர்காணல்கள் வழியாகப் பின்தொடர்ந்தார். தேடலின் நடுவில் தெளிவு கூடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். முதலில் கூடுவது குழப்பம்தான் என்று அவர் காட்டினார். ஒரே நாளில் நிரப்பித் தரும் தாளில் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்திருக்காது. காலத்தோடு மாறும் ஒன்றை ஆராய்கிறீர்கள் என்றால் ஒரே ஆளை மூன்று நான்கு முறை சந்திக்கும் ஏற்பாடு வேண்டும்.

நேர்காணலில் நம் சூழலுக்கு இரண்டு செய்திகள். நூலகரே தம் மாணவர்களை நேர்காணல் செய்தால் புகழ்ச்சிதான் கிடைக்கும். அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் உள்ளவரிடம் யார் குறை சொல்வார்கள்? வேறு கல்லூரி ஆய்வாளர் ஒருவரோடு மாற்றிக்கொள்ளுங்கள்: அவர் உங்கள் மாணவர்களிடம் பேசட்டும், நீங்கள் அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள். இரண்டாவது, பேசியதைப் பேசியபடியே எழுத்தில் இறக்குங்கள். வட்டாரப் பேச்சை ஏட்டுத் தமிழுக்கு மாற்றி, அதை ஆங்கிலமாக்கி, பிறகு பகுப்பாய்வு செய்தால் கையில் மிஞ்சுவது உங்கள் சொற்கள்தான். பேச்சைக் கருத்துவாரியாகக் குறியிடும் வேலையைத் தமிழிலேயே முடித்துவிட்டு, ஆய்வேட்டில் மேற்கோளாகத் தரும் வரிகளை மட்டும் ஆங்கிலப்படுத்தினால் போதும்.

எத்தனை பேர்? புதிதாக எதுவும் வராமல் பழைய செய்திகளே திரும்ப வரும்வரை. நெறியாளர் எண் கேட்பார். திட்ட முன்வரைவில் 15 முதல் 20 பேர் என்று எழுதிவிட்டு, நிறுத்துவதற்கான காரணத்தைப் பின்னால் விளக்குங்கள்.

ஆறாம் படி: வினாநிரல், கடைசியாக

இப்போதுதான் வினாநிரலுக்கு நேரம் வந்திருக்கிறது. நேர்காணலில் கிடைத்த காரணங்கள் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று அளக்கும் வேலைக்கு இதை மிஞ்சிய கருவி இல்லை. கேள்விகளும் மாணவர்களின் வாயிலிருந்தே வந்துவிட்டன. வேறு மாவட்டத்து ஆய்வேட்டிலிருந்து படியெடுக்க வேண்டியதில்லை.

மாதிரி அளவுக்கு நம் பக்கத்தில் எல்லோரும் நீட்டுவது கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் தந்த அட்டவணையை. 3,000 பேர் என்றால் 341, பத்தாயிரம் என்றால் 370. அட்டவணையில் குறை ஒன்றும் இல்லை. அந்த எண் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு உரியது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மாணவர் பட்டியல் முழுவதையும் கையில் வைத்து, குலுக்கலில் 341 பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த 341 பேரையே துரத்திப் பிடித்தால்தான் 5 விழுக்காட்டுப் பிழை எல்லை என்ற பேச்சுக்கு இடமுண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டுவிட்டு, 341 பதில் சேரும்வரை காத்திருந்து, அட்டவணையை மேற்கோள் காட்டினால் அது வெறும் அலங்காரம். நூலகத்தை விரும்புகிறவர்களே அந்தப் படிவத்தை நிரப்புவார்கள். வராதவர்களைப் பற்றிய ஆய்வில் வருகிறவர்களின் பதில் மட்டும் நிறைந்திருக்கும்.

நூலக வாசலில் நின்று தாள் கொடுப்பதும் அதே கதை. "மாணவர்கள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை" என்ற கேள்வியை நூலகத்துக்குள் இருப்பவர்களிடம் கேட்ட ஆய்வேடுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி எழுதும்போது கவனிக்க வேண்டியவை பல. எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். "நூலகத்தின் நூல்களும் சேவைகளும் திருப்தியாக உள்ளனவா?" என்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. திருப்தியை நேரடியாகக் கேட்டால் எல்லோரும் நான்கில் குவிவார்கள். அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் உருவாக்கிய லிப்குவால் கருவி இதற்கு ஒரு வழி கண்டது. அதன் 22 கூற்றுகள் ஒவ்வொன்றுக்கும் வாசகர் மூன்று எண் தருகிறார்: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் மகிழ்ச்சி, இப்போது எவ்வளவு இருக்கிறது. மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது. அந்தக் கருவியை அப்படியே பயன்படுத்தாவிட்டாலும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் வினாநிரல் தருகிறீர்கள் என்றால் தமிழிலேயே முதலில் எழுதி, முப்பது பேரிடம் கொடுத்துப் பாருங்கள். மின்னூல், மின்னிதழ் போன்றவற்றைக் குறிக்கும் "மின்வளம்" என்ற சொல்லை மின்சாரம் என்று புரிந்துகொள்ளும் முதலாண்டு மாணவர் இருப்பார்.

புள்ளியியலில் இரண்டு பழக்கங்களை விட்டுவிடலாம். குரோன்பாக் ஆல்பா 0.7-க்கு மேல் வந்ததும் கருவி சரியானது என்று எழுதுவது ஒன்று. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அந்த எண் காட்டுகிறது; சரியானதைத்தான் அளக்கின்றனவா என்பது வேறு பேச்சு. இன்னொன்று, பாலினம், வயது, ஊர், துறை என்று எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கை-வர்க்கச் சோதனையில் மோதவிடுவது. 5 விழுக்காட்டு எல்லையில் இருபது சோதனை செய்தால் ஒன்றாவது தற்செயலாகவே "குறிப்பிடத்தக்கது" என்று வர வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றுக்குத்தான் பிறகு இரண்டு பக்க விளக்கம் எழுதப்படுகிறது.

கேள்வி மனிதரைப் பற்றியது இல்லை என்றால்

இதுவரை சொன்னது வாசகர் ஆய்வு. துறை அதைவிடப் பெரியது.

நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணி அளக்கும் நூலளவியல் இப்போது வினாநிரலுக்கு அடுத்த பெரும் பழக்கமாகிவிட்டது. அதற்கு நம் மண்ணோடு உறவு உண்டு. ஆலன் பிரிட்சார்ட் 1969-இல் அத்துறைக்குப் பெயர் சூட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1948-இல் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலகப் பணிகளைக் கணித, புள்ளியியல் முறைகளால் அளக்கும் ஒரு துறை வேண்டும் என்று, ஆஸ்லிப் என்ற நூலக, தகவல் அமைப்பு இங்கிலாந்தில் நடத்திய மாநாட்டில் பேசினார். கணித ஆசிரியராக இருந்து நூலகரானவருக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆசிரியர்களின் விளைச்சலைப் பற்றிய லோட்காவின் விதி 1926, இதழ்களில் கட்டுரைகள் சிதறும் விதத்தைப் பற்றிய பிராட்ஃபோர்டின் விதி 1934. இவை இன்றும் பயனுள்ளவை.

சிக்கல், வேலை மிக எளிதாகிவிட்டதில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் ஒரு சொல்லைத் தேடி, கிடைத்ததைப் பதிவிறக்கி, வோஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் வண்ண வண்ணமாக ஒரு வலைப்படம் வந்துவிடுகிறது. அந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டால் அமைதி. தமிழ் சார்ந்த தலைப்பு என்றால் இன்னும் மோசம். தமிழில் வரும் ஆய்விதழ்களிலும் நூல்களிலும் மிகப் பெரும்பகுதி அந்தத் தரவுத்தளங்களுக்குள்ளேயே இல்லை. "தமிழியல் ஆய்வின் வளர்ச்சி" என்று அங்கே அளப்பவர் உண்மையில் அளப்பது தமிழைப் பற்றிப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை. ஆசிரியர் பெயரும் தொல்லை: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் தந்தை பெயரால் பட்டியலாகியிருப்பார், இன்னொன்றில் தம் பெயரால். கே. முருகன் என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பெயர்களைக் கையால் சரிபார்க்காமல் "அதிகம் எழுதிய பத்து ஆசிரியர்கள்" அட்டவணை போடவே கூடாது.

இதற்கு மாற்றாக, ஷோத்கங்காவில் உள்ள தமிழ்த் துறை ஆய்வேடுகளில் ஒரு மாதிரியை எடுத்து, துணைநூற்பட்டியல்களைக் கையால் பதிவு செய்து, அவர்கள் மேற்கோள் காட்டும் நூல்களில் எத்தனை உங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நூல் வாங்கும் குழுவின் மேசைக்கு நேராகப் போகும் ஆய்வு அது.

வரலாற்று முறைக்கு நம் பக்கம் பொருள் கொட்டிக் கிடக்கிறது, செய்வார்தான் குறைவு. 1865-இல் ஜான் மர்டாக் தொகுத்த அச்சுத் தமிழ் நூல்களின் பட்டியல், 1931-இல் மன்னார்குடிப் பக்கம் ஓடிய மாட்டுவண்டி நூலகம், 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம், அதன்பின் வந்த நூலக வரி என ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டைத் தாங்கும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, தஞ்சை சரசுவதி மகால் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்று எல்லோரும் எழுதுகிறோம். இந்த எண் எந்த ஆவணத்தில் முதலில் வருகிறது, அதில் கையெழுத்துச் சுவடிகள் சேர்த்தியா, பருவ இதழ்கள் சேர்த்தியா என்று பின்னோக்கிப் போவதே வரலாற்று முறையின் நல்ல பயிற்சி. ஆவணம் தீர்ந்த இடத்தில் அங்கே படித்தவர்களின், வேலை பார்த்தவர்களின் வாய்மொழி தொடங்கும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

தேடல் அமைப்புகளை ஆராய விரும்புகிறவர்களுக்கு கிரான்ஃபீல்டு வழி இருக்கிறது. 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் 1,400 ஆவணங்களையும் இருநூறுக்கு மேற்பட்ட கேள்விகளையும் வைத்து, எந்தச் சொல்லடைவு முறை எத்தனை பொருத்தமான ஆவணங்களைக் கொண்டுவருகிறது என்று சோதித்தார். பெரிதாக வடிவமைத்த முறைகளைவிடத் தனிச்சொற்களே நன்றாக வேலை செய்தன என்று முடிவு வந்தது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை. இதே வழியில் தமிழ்ப் பட்டியலைச் சோதிக்கலாம். "கல்விக் கொள்கை" என்று ஒற்றோடு தேடினால் வருவதும் "கல்வி கொள்கை" என்று தேடினால் வருவதும் ஒன்றா? "நூல்" என்றால் "நூல்கள்" வருகிறதா? வாசகர்கள் உண்மையில் தட்டச்சு செய்த ஐம்பது தேடல்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய நூல்களைத் தமிழ் தெரிந்த இருவர் தனித்தனியாகத் தீர்மானிக்க, பிறகு அளந்து பாருங்கள். முதுகலைத் திட்டத்துக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

முறைகளைச் சேர்ப்பது

"கலப்பு முறை" என்று எழுதிவிட்டு வினாநிரலின் கடைசியில் "வேறு கருத்து ஏதேனும்?" என்று ஒரு கோடு போடுவதைச் சேர்ப்பு என்று சொல்ல முடியாது. ஒரு முறையில் கிடைத்தது அடுத்த முறையின் வடிவத்தை மாற்ற வேண்டும். நம் கல்லூரியில் பதிவுகளைப் பார்த்த பிறகே எந்தத் துறை மாணவர்களை நேர்காணலுக்கு அழைப்பது என்று தெரிகிறது. நேர்காணலுக்குப் பிறகே வினாநிரலில் என்ன கேட்பது என்று தெரிகிறது. இரண்டும் முரண்பட்டால் மகிழுங்கள். இரவல் குறைகிறது, ஆனால் மாணவர்கள் தமிழ் நாவல் நிறையப் படிப்பதாகச் சொல்கிறார்கள் என்றால், எங்கிருந்து படிக்கிறார்கள் என்ற கேள்வி பிறக்கிறது. கைப்பேசியில் சுற்றும் பிடிஎஃப் கோப்புகள் அங்கேதான் உங்கள் ஆய்வுக்குள் நுழையும்.

காலமும் அனுமதியும்

முதுகலைத் திட்டத்துக்கு ஒரு பருவம்தான். அதற்குள் பதிவுப் பகுப்பாய்வும் பத்து நேர்காணலும் முடியும். மாவட்டம் முழுவதற்குமான வினாநிரல் முடியாது. பொது நூலகங்களில் ஆய்வு செய்ய மாவட்ட நூலக அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். திட்டம் உறுதியாகும் முன்பே விண்ணப்பியுங்கள். சிறுவர் பகுதியில் ஆய்வு என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைத் திரட்டும் படிவங்களுக்கு 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் மனத்தில் வையுங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருப்பதே எளிய பாதுகாப்பு.

கடைசிப் படி: ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்

களத்தில் இறங்கும் முன் ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள்: ஒவ்வொரு கேள்வியும், அதற்கான சான்று எங்கே இருக்கிறது என்பதும், அதை யாரிடமிருந்து எப்படித் திரட்டுவீர்கள் என்பதும், எப்படிப் பகுப்பாய்வு செய்வீர்கள் என்பதும், எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்பதும். எந்த வரியாவது காலியாக இருந்தால் அந்தக் கேள்வியை நீக்கிவிடுங்கள். மூன்று கேள்வி மிஞ்சினால் அது முனைவர் பட்டத்துக்கே தாராளம்.

இந்தப் பக்கம்தான் பிறகு ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக வளரும். "ஆய்வு என்றால் என்ன", "மாதிரி என்றால் என்ன" என்று பாடநூல் விளக்கங்களால் அந்த இயலை நிரப்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் தொல்லை; எல்லோரும் ஒரே பாடநூலிலிருந்து எடுப்பதால் மென்பொருள் சுலபமாகப் பிடிப்பதும் இந்த இயலைத்தான். அந்த இடத்தில் நீங்கள் செய்ததை எழுதுங்கள். எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், முன்னோட்டத்துக்குப் பிறகு எந்தக் கேள்வியை எடுத்தீர்கள், எந்த ஆண்டின் பதிவுகள் கிடைக்கவில்லை, வேறு எந்த முறையை யோசித்து ஏன் விட்டீர்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.